ஒன்பதால் வகுக்க மீதி எட்டு

அருமைநாயகம் சேர் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். பங்குனி வெயில். சைக்கிள் காரியரில் ஓர் உரப்பை கட்டியிருந்தது. வயல் அறுத்த காலம் என்பதால் அரிசி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, எதற்கு சேர் இதெல்லாம் என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன். விறாந்தையில் அவிழ்த்துக் கொட்டினால் அத்தனையும் எழுதி நிரப்பிய கணக்குக் கொப்பிகள்.

தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. கொப்பிகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசையாக அடுக்கி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ரீச்சர், இதில பிழை இருக்கோ எண்டு பாக்கவேணும். ஒரு கிழமை எடுங்கோ. பிழை இல்லையெண்டு நீங்கள் சொன்னால், நான் நிமலனுக்கு அந்தியேட்டி செய்யப்போறன்."

நிமலன் அவருடைய ஒரே மகன். போர் முடிந்த நாட்களில், பத்தொன்பது வயதில், ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் தனி வரிசை ஒன்றுக்குக் கூப்பிடப்பட்டுப் போனவன். அதன்பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் செத்தவீட்டுக் கிரியை செய்வதா வேண்டாமா என்பதைக் கணக்குக் கொப்பியைப் பார்த்து நான் சொல்லவேண்டும் என்கிறார் மனிதர்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். வாசகர்கள் சிலர் கடிதத்தில் அதைக் கிண்டலும் பண்ணியிருக்கிறார்கள். இந்தக் கிழமை அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

சேர் இப்போது இல்லை. நித்திரையிலேயே போய்விட்டார். அவருடைய மனைவி யோகம் அக்கா எழுதச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எண் பைத்தியம்

கிளிநொச்சியில், நான் சிறிய வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில், உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவர் அவர். கணிதத்தில் சிறப்புப் பட்டம். கூடப் படித்தவர்கள் கனடாவிலும் லண்டனிலும் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். இவர், தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் வயலையும் பகா எண்களையும் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று போகும். அவை எந்த ஒழுங்கில் வருகின்றன என்று உலகத்தில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. தனக்குத் தெரியவரும் என்று சேர் நம்பினார். அதற்காகக் கொப்பி கொப்பியாக எழுதினார். வரம்பில் இருந்துகூட எழுதுவார். ஒரு போகத்தில் நெற்கதிர்களைப் பிடுங்கி வந்து, கதிருக்கு எத்தனை மணி என்று எண்ணி அதிலும் ஏதோ பார்த்தார். வயலில் களை மண்டிக் கிடந்தது. அயல் வயல்காரர் வந்து ஏசிவிட்டுப் போனார்.

இடம்பெயர்ந்தபோது யோகம் அக்கா தையல் மெசினை விட்டுவிட்டு வந்தா. சேர் பகா எண் கொப்பிகளை விடவில்லை. கடைசிச் சண்டை நடந்த மாத்தளன் வரை அவை வந்தன என்று அக்கா சொல்லுவா. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை.

வகுப்பில் அவருக்கு ஒரு பழக்கம். கணக்குச் செய்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு கொப்பியை மாற்றச் சொல்வார். தான் செய்த கணக்கைத் தானே திருத்துகிறவன் தன்னுடைய பிழையைக் காணமாட்டான் என்பது அவருடைய கொள்கை. திருத்தியவர் கீழே கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்தில்லாத விடைக்கு அவரிடம் மதிப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் எட்டு என்றால் ஆட்களுக்கு ஆகாது. சனியனுடைய எண் என்பார்கள். வாகன இலக்கம், வீட்டு இலக்கம், கல்யாணத் திகதி எதுவென்றாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் புது மோட்டார் சைக்கிளுக்கு வந்த இலக்கம் கூட்டி எட்டு என்பதால் ஓடாமலேயே விற்கப் போனார். சேருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். எட்டு உமக்கு என்ன செய்தது, ஒன்பது உமக்கு என்ன தந்தது என்று ஓய்வறையில் வைத்து அரைமணி நேரம் கிழித்தார். மோட்டார் சைக்கிள் விற்கப்பட்டது. சேர் அவரோடு ஒரு தவணை முழுக்கக் கதைக்கவில்லை.

எண்களுக்குள் ஒழுங்கு இருக்கிறது, சாத்திரம் இல்லை. இதுதான் அவர்.

சீட்டு

போரின் கடைசி நாட்களில் சேருக்குக் காலில் காயம். கப்பலில் ஏற்றி எங்கோ ஒரு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஓமந்தை வழியாக மகனோடு வந்தவ அக்காதான். மகன் தனி வரிசைக்குப் போனான், அக்கா வவுனியா முகாமுக்குப் போனா. முகாமில் காணாமற்போன பிள்ளையின் பெயரைப் பதிந்து ஒரு சீட்டு வாங்கி வைத்திருந்தா. கையளவுத் தாள். பேனையால் எழுதிய ஓர் எண், அதன்மேல் ஒரு முத்திரை. 4275.

பல மாதம் கழித்துத் தடியூன்றி வந்து சேர்ந்த சேரிடம் அக்கா கொடுத்தது அந்தச் சீட்டைத்தான். மகனுடைய படத்தை அக்கா வைத்துக்கொண்டா. சேர் எண்ணை வைத்துக்கொண்டார். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பதுபோல அவர் அந்த எண்ணை நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டைக் கேட்டார். பிறகு ஏ-9 வீதியோரத்தில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருக்கிற கொட்டகைக்குப் போய்க் கேட்டார். அக்காவும் அங்கேதான் ஒவ்வொரு நாளும் போய் இருப்பா. பிறகு சைக்கிளை எடுத்தார். ஓமந்தை, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று போனார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், அம்மனைக் கும்பிடாமல், நேர்த்தி வைக்க வந்த பெண்களிடம் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். முல்லைத்தீவுக் கரையில் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்த சீட்டுகளை எடுத்துக் காட்டினார்கள். சிலர் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்திருந்தார்கள். ஆட்களின் பெயரை அவர் எழுதவில்லை. எண்ணை மட்டும் எழுதினார்.

பன்னிரண்டு வருடம். முழுப் பைத்தியம் என்று ஊர் சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பின்னேரம் என் விறாந்தையில் நின்றபடியே தான் கண்டதைச் சொன்னார். சீட்டு எண்களில் சில ஒருவரிடமும் இல்லை. தொலைந்த சீட்டுகள் என்றால் கண்டபடி விடுபட்டிருக்கவேண்டும். இவை அப்படி விடுபடவில்லை. 4274 இல்லை. 4283 இல்லை. 4292 இல்லை. ஒன்பதுக்கு ஒன்று இல்லை. ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு வருகிற எந்த எண்ணும் எந்தத் தாயிடமும் இல்லை.

"இது தற்செயலில்லை ரீச்சர். ஆரோ இருந்து, யோசிச்சு, அந்த எண்களை எடுத்து வைச்சிருக்கினம். ஏன் எடுத்து வைக்கவேணும்? ஆள் இருக்கிற எண்களை வெளியால விடேல்லை. ஆள் இல்லாத எண்களைத்தான் எங்கட கையில தந்திருக்கினம்."

அதாவது, சீட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு தாயின் பிள்ளையும் செத்துவிட்டது. 4275 உட்பட. இதைத் தாய்மாரிடம் தான் சொல்லப்போவதில்லை என்றார். தன் வீட்டுக்கு மட்டும் ஒரு முடிவு வேண்டும் என்றார்.

போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்த எண்களின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினாலும் எட்டுத்தான் வரும், அது ஒன்பதின் குணம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தார்.

அவர் நீட்டிய கொப்பியை வாங்கி, திறக்காமலேயே வைத்தேன்.

முகாமில் ஒரு மேசை

அந்தச் சீட்டுகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

இதை இன்றுவரை எந்த அத்தியாயத்திலும் எழுதவில்லை. முகாமில் நானும் அடைபட்டிருந்தேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று, பெயர் பதிகிற மேசைக்குக் கூப்பிட்டார்கள். தறப்பாள் கூரைக்குக் கீழே ஒரு மேசை, என்னோடு சேர்த்து மூன்று இளம் பெட்டைகள். வெட்டி வைத்த தாளில் எண் போட்டு, முத்திரை குத்தி, அதே எண்ணைப் பெரிய கொப்பியிலும் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. தறப்பாளின் சூடும் முத்திரை மையின் மணமும் சேர்ந்து தலை இடிக்கும். வரிசையில் தாய்மார். கையில் ஒன்றுமில்லாத தாய்மார்.

முதலாவது நாளே ஒரு தாய் சீட்டை வாங்கி, விரலில் கூட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப மேசையில் வைத்தா. கூட்டினா எட்டு வருகுது பிள்ளை, இது வேண்டாம் என்றா. சரியென்று அடுத்த எண்ணைக் கொடுத்தேன். விட்ட எண்ணைப் பின்னால் நின்றவவிடம் நீட்டினேன். அவவும் வேண்டாம் என்றா. அதற்குப் பின்னால் நின்றவவும் வாங்கவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி அந்தத் தாளைத் தொடவே பயந்து கையைப் பின்னுக்கு இழுத்தா.

அந்த எண்ணை வாங்கிக்கொள்ள முழு வரிசையிலும் ஒரு தாய் இல்லை. ஒரு கிழமைக்குள் நாங்கள் மூன்று பேரும் பழகிவிட்டோம். எட்டு வருகிற எண்ணை எழுதவே மாட்டோம், தாண்டிவிடுவோம். மேலே இருந்தவர்கள் கேட்கவுமில்லை, கவனிக்கவுமில்லை. அந்தச் சனங்களுக்குக் கொடுக்க எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. தண்ணீர்கூட இருக்கவில்லை. கூட்டினால் எட்டு வராத ஓர் எண்ணைக் கொடுக்க முடிந்தது, கொடுத்தோம்.

சேர் பன்னிரண்டு வருடம் சைக்கிள் உழக்கிக் கண்டுபிடித்த ஒழுங்கு அதுதான். எந்தப் பெண்ணிடமாவது, கூட்டி எட்டு வருகிற எண் ஏன் இல்லை என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. சாத்திரத்தை அவர் அவ்வளவு வெறுத்தார். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

கையெழுத்து

அந்தப் பின்னேரமே சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். நான் சொல்லவில்லை. ஒரு கிழமை பார்க்கிறேன் சேர் என்றேன்.

பார்த்தேன். பள்ளிக்கூடத்தால் வந்து, குசினி வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஒவ்வொரு கொப்பியாகப் பார்த்தேன். ஒரு எண்கூடப் பிழையாக எழுதப்படவில்லை. சில பக்கங்களில் மழைத்துளி பட்டு மை ஊறியிருந்தது, அந்த எண்களைப் பக்கத்தில் திரும்ப எழுதியிருந்தார். எங்கள் மூன்று பெட்டைகளின் கையெழுத்தில் வெளியே போன எண்கள். எந்த எண் என்னுடையது என்று எனக்கே தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று பல விதமாக எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதருக்கு ஒரு முடிவு கிடைக்கிறது, அதை ஏன் கெடுக்கவேண்டும் என்று நினைத்தேன். அது உண்மை. அது முழு உண்மையில்லை. பயந்தேன். பன்னிரண்டு வருடத்தை எங்கள் அசட்டுத்தனம் தின்றுவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். நிமலனைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.

சொன்ன நாளில் சேர் வந்தார். இந்தமுறை கதிரையில் இருந்தார்.

"பிழை இருக்கோ?"

"கணக்கில பிழை இல்லை சேர்."

கணக்கில் என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. கடைசிக் கொப்பியைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் அடியைக் காட்டிப் பேனையை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிள்ளை செத்துவிட்டது என்று போட்ட கையெழுத்து அது. போடும்போது எனக்குத் தெரியும்.

அவர் அழவில்லை. அப்ப சரி என்றார். செம்பிலிருந்த தண்ணீரை முழுவதுமாகக் குடித்தார்.

கிரியைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. உடல் இல்லாததால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து ஐயர் கிடத்தினார். ஒரு முழம்கூட இல்லாத உருவம். சேர் அதற்குக் கொள்ளி வைத்தார். தர்ப்பை எரிய எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆட்கள் குடையை மடித்து வைத்து நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. அக்கா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லுமாதிரி நிற்கிறா பார் என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். அக்கா மடியில் வைத்துக்கொண்டு திரிந்த நிமலனின் படம் அன்று சுவரில் ஏறியது. மாலையும் போட்டாயிற்று.

அதற்குப் பிறகு சேர் மாறிவிட்டார். சைக்கிள் தாழ்வாரத்தில் சாத்தியபடி நின்றது. தாடி எடுத்தார். வயலுக்கு நேரத்தோடு போனார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிவரை நித்திரை கொள்கிறார் என்று கேள்விப்பட்டபோது, நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மூன்று மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொட்டகையில்

ஒரு நாள் வலயக் கல்விக் கந்தோருக்குப் பஸ்ஸில் போகிறேன். வீதியோரக் கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே யோகம் அக்கா இருப்பதைக் கண்டேன். கிரியை செய்த வீட்டுக்காரி அங்கே இருக்க நியாயமில்லை. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்ப நடந்தேன்.

மற்றத் தாய்மாரின் மடியில் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. அக்காவின் மடியில் ஒன்றுமில்லை. வெறும் கையைக் கோத்து வைத்துக்கொண்டு இருந்தா. படம் சுவரில் மாலையோடு தொங்குகிறதே, எப்படிக் கழற்றிக் கொண்டுவருவது.

என்னைக் கண்டதும் அக்கா திடுக்கிடவில்லை. நகர்ந்து பாயில் இடம் விட்டா. சேரிடம் சங்கக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அவர் படுத்ததும் வருவதாகச் சொன்னா. நாலு மணிக்கு முன்னம் போய்விடுவாவாம்.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேசை, மூன்று பெட்டைகள், எட்டு, தாண்டிப் போன எண்கள், நான் போட்ட கையெழுத்து எல்லாம். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும் என்றுகூட யோசிக்கவில்லை. பாரவண்டிகள் போன சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கோ என்று அக்காவின் கையைப் பிடித்தேன்.

அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"எனக்குத் தெரியும் ரீச்சர். கண்டுபிடிச்ச அண்டைக்கே எனக்குத்தான் முதல் சொன்னவர். மீதி எட்டு, மீதி எட்டு எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார். எனக்கு முதல் விளங்கேல்லை. கையில கூட்டிப் பாத்தன், விளங்கிச்சுது. நானும் வேண்டாமெண்டு திருப்பிக் குடுத்த ஆள்தானே. 4274ஐத்தான் முதல்ல தந்தவை. நீங்களோ, மற்றப் பிள்ளையளோ தெரியாது."

பிறகு ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

"பன்ரண்டு வருசமா அந்த மனுசன் கண்மூடினதை நான் காணேல்லை. காயம் பட்ட காலோட சைக்கிள் உழக்கி உழக்கிச் செத்துப்போவார் எண்டு பயந்தன். செத்தது எண்டு நினைச்சால்தான் அவருக்கு நித்திரை வருமெண்டால் அப்பிடியே நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன். ரெண்டு பேரும் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நான் ஒரு ஆள் போதும்."

யாரோ பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். அக்கா குடித்து முடித்தா. என்னிடம் நேரம் கேட்டா. மூன்றரை என்றேன். எழும்பிச் சேலையைத் தட்டினா. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டா. கொட்டகை வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில் சொன்னா.

"பிள்ளை வந்து நிண்டால், கொள்ளி வைச்ச மனுசனுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டுதான் ரீச்சர் இப்ப யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."